ஜெயன்ட் வீல் கட்டித் தரும் நிறுவனத்தைத் தேர்வு செய்வது எப்படி?

ஆற்றங்கரையிலோ பூங்காவிலோ கடற்கரையிலோ ஒரு பெரிய ஜெயன்ட் வீல் நிறுத்தப் போகிறீர்கள், அதை டிசைன் செய்து கட்டித் தர ஒரு நிறுவனத்தைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு உயரம்? பல வருடம் வாங்குபவர் பக்கம் ஆய்வாளராக இருந்து, வெல்டிங்கையும் போல்ட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, வீல் நடுவழியில் நின்றுவிட்டால் உச்சியில் இருக்கும் பெட்டியில் உள்ளவர்களை யார், எந்த வழியில், எவ்வளவு நேரத்தில் கீழே கொண்டுவருவார் என்பது. இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் நிறுவனம் மோட்டார், கரண்ட், பேரிங், ஆட்கள் என்று மற்ற எல்லாவற்றையும் ஏற்கெனவே யோசித்திருக்கும். தடுமாறினால் அங்கேயே நிதானியுங்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2008 டிசம்பர் 23 அன்று 165 மீட்டர் உயரமுள்ள சிங்கப்பூர் ஃப்ளையரின் கட்டுப்பாட்டு அறையில் மின்கசிவால் தீப்பிடித்து வீல் நின்றது. உள்ளே 173 பேர். சிலரைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டியிருந்தது, மற்றவர்கள் ஏறக்குறைய 6 மணி நேரம் மேலேயே காத்திருந்தார்கள். இரும்பு எதுவும் உடையவில்லை, அடித்தளம் அசையவில்லை, ஒரு அறையில் பிடித்த தீ அவ்வளவு பெரிய வீலை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் அங்கே தீத்தடுப்புக்கும் மாற்று இயக்கத்துக்கும் கூடுதல் ஏற்பாடுகள் வந்தன. உங்கள் வீலுக்கு அவை முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

சரி, நிறுவனங்களுக்குப் போன் செய்வதற்கு முன் நீங்கள் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

முதலாவது, நிரந்தர வீலா, கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகக்கூடியதா? இரண்டும் வேறு வேறு தொழில், செய்பவர்களும் வேறு. 2000-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்காகப் பாரிஸில் நிறுத்தப்பட்ட ரூ டி பாரி 60 மீட்டர் உயரம். நிரந்தர அடித்தளமே இல்லாமல், தண்ணீர் நிரப்பிய தொட்டிகளின் எடையை நம்பி நின்றது, பிறகு கழற்றப்பட்டுப் பல ஊர்களுக்குப் போனது. இடம் உங்களுக்கு ஐந்து வருடக் குத்தகைக்குத்தான் கிடைத்திருக்கிறது என்றால் இந்த வகை போதும், 120 மீட்டர், 150 மீட்டர் என்ற பேச்சே வேண்டாம். நிரந்தர வீல் என்றால் மண் பரிசோதனை, தரைக்குள் ஆழமாகத் தூண் இறக்கும் பைல் வேலை, மாதிரியின் மேல் காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனை, அதற்கென்றே தயாராகும் நடு அச்சு, வீலைச் சீராகச் சுழல வைக்கும் பேரிங் என்று கணக்கே வேறாகிவிடும்.

அடுத்தது, ஒரு மணிக்கு எத்தனை பேர். லண்டன் ஐ-யில் 32 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 25 பேர், ஒரு சுற்றுக்குச் சுமார் 30 நிமிடம். ஒரு சுற்றில் 800 பேர், மணிக்கு 1600. லாஸ் வேகாஸில் உள்ள ஹை ரோலரில் 28 பெட்டிகள், ஆட்கள் நெருக்கி நின்றால் ஒன்றில் 40 பேர், அதுவும் அரை மணிச் சுற்று, அதாவது மணிக்கு 2240. இவை எல்லாப் பெட்டியும் நிரம்பினால் வரும் கணக்கு. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு காட்டும் வருமான அட்டவணை பெரும்பாலும் இந்த நிரம்பிய எண்ணிலிருந்துதான் தொடங்கும். அதை வாங்கிக்கொண்டு, பாதிப் பெட்டி காலியாகப் போகும் மழை நாளுக்கும், காற்று அதிகமாகி மூடி வைக்கும் நாளுக்கும் நீங்களே தனியாகக் கணக்குப் போடுங்கள். எந்தக் காற்று வேகத்தில் பயணிகளை ஏற்றுவதை நிறுத்த வேண்டும், எந்த வேகத்தில் வீலையே நிறுத்த வேண்டும் என்ற இரண்டு எண்களையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், உங்கள் இடத்தின் காற்றுப் பதிவோடு ஒப்பிட்டால் வருடத்தில் எத்தனை நாள் கதவு மூடியிருக்கும் என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் வங்கிக்குப் போகாதீர்கள்.

யாரிடம் என்ன வாங்குகிறீர்கள்?

ஜெயன்ட் வீல் நிறுவனம் என்று ஒரே பெயர்ப் பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று நான்கு வேலைகள். கட்டமைப்பை டிசைன் செய்பவர், இரும்பை வெட்டி வெல்டிங் செய்பவர், பெட்டிகளைத் தயாரிப்பவர், களத்தில் தூக்கி நிறுத்துபவர். லண்டன் ஐ-யை எடுத்துக்கொண்டால், யோசனை டேவிட் மார்க்ஸ், ஜூலியா பார்ஃபீல்ட் என்ற கட்டடக்கலைத் தம்பதியுடையது, இரும்பு வேலை நெதர்லாந்தில், அச்சு செக் குடியரசில், பெட்டிகள் பிரான்ஸிலிருந்து வந்தவை. இப்படிப் பல கைகள் சேர்வதில் தவறே இல்லை, பெரிய வீல் எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான் உருவாகின்றன. ஆனால் பெட்டியின் எடை டிசைனில் எழுதியதைவிடக் கூடிவிட்டால், அதன் விளைவை விளிம்பிலும் கேபிளிலும் அச்சிலும் மறுபடி கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஒரே ஆள் யார்? அந்த ஆள் நிறுவனத்தின் சம்பளத்தில் இருக்கிறாரா, வெளியிலிருந்து வாடகைக்கு வந்தவரா? அவரோடு நேரில் உட்கார்ந்து அரை நாள் பேசாமல் எந்த நிறுவனத்தையும் தேர்வு செய்யாதீர்கள்.

முன்பு கட்டிய வீல்களின் பட்டியலை எல்லோரும் தருவார்கள். அதில் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருப்பவை எவை, நின்றுபோனவை எவை என்று பிரித்துக் கேளுங்கள். வெறும் வடிவப் படம் மட்டும் போட்டுக் கொடுத்ததையும் தன் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. நின்றுபோன வீல் இருப்பதால் மட்டும் ஒரு நிறுவனத்தை ஒதுக்கவும் வேண்டாம், அந்தக் கதையை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் நிறையத் தெரியும். முடிந்தால் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு நேரில் போங்கள். முதலாளியைப் பார்ப்பதைவிட அங்கே பராமரிப்பு செய்யும் ஃபிட்டரைப் பாருங்கள், கிரீஸ் கையோடு நிற்கும் அவரிடம் "உதிரிபாகம் கேட்டால் எத்தனை நாளில் வருகிறது?" என்று கேட்டால் போதும், மற்றதை அவரே சொல்லிவிடுவார்.

கேபிள், அச்சு, பேரிங்

இந்த மூன்றும்தான் வீலின் உயிர். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் பொறியாளராக இல்லாவிட்டாலும் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும்.

பெரிய வீல்களில் பல சைக்கிள் சக்கரம் போலத்தான். விளிம்பையும் நடு அச்சையும் இறுக்கி இழுத்துக் கட்டிய கேபிள்கள் இணைக்கின்றன. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சைக்கிளைத் தரை கீழிருந்து தாங்குகிறது, அதனால் அடியில் இருக்கும் கம்பி தளர்கிறது. ஜெயன்ட் வீலை நடு அச்சுதான் தாங்குகிறது, விளிம்பின் அடிப்பகுதி அதிலிருந்து தொங்குகிறது. ஆகவே அடியில் இருக்கும் கேபிளில் இழுவிசை கூடும், உச்சிக்குப் போகும்போது அதே கேபிளில் குறையும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கேபிளும் ஒருமுறை இறுகி ஒருமுறை தளர்கிறது. ஒரு நாளில் 12 மணி நேரம், அரை மணிக்கு ஒரு சுற்று என்றால் தினம் 24 முறை, வருடத்துக்கு 8760, 25 வருடத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் சின்ன வீலாக இருந்தால் அதே 12 மணி நேரத்தில் 180 முறை. இரும்பு ஒரே நாளில் அதிக எடை தாங்காமல் உடைவதைவிட, இப்படித் திரும்பத் திரும்ப இழுபட்டுக் களைத்து விரிசல் விடுவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அதனால் கேளுங்கள்: எத்தனை சுற்றுக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்? உச்சியில் இருக்கும்போது, பலத்த காற்றும் சேர்ந்து அடித்தால், கேபிளில் இழுவிசை எவ்வளவு மிச்சம் இருக்கும்? ஒரு கேபிள் அறுந்தால் மற்றவை தாங்குமா, வீல் சுற்றிக்கொண்டிருக்கும் காலத்திலேயே அந்த ஒன்றை மட்டும் மாற்ற வழி இருக்கிறதா?

மெல்பர்ன் நகரின் 120 மீட்டர் வீல் 2008 டிசம்பரில் திறந்து ஏறக்குறைய 40 நாளில் கட்டமைப்பில் விரிசல் கண்டு மூடப்பட்டது. வீலையே கழற்றி மறுபடி கட்டி 2013 டிசம்பரில்தான் திறக்க முடிந்தது, 2021-இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். ஐந்து வருடம் டிக்கெட் விற்காமல் ஒரு முதலீட்டைத் தாங்கிப் பிடிப்பது என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அச்சு விஷயத்தில் பழைய கதையே பாடம். 1893-இல் சிகாகோ கண்காட்சிக்கு ஜார்ஜ் வாஷிங்டன் கேல் ஃபெரிஸ் கட்டிய முதல் பெரிய வீல் 80 மீட்டர் உயரம், 36 பெட்டிகள், ஒன்றில் 60 பேர், ஒரே நேரத்தில் 2160 பேர். அதன் அச்சு மட்டும் ஏறக்குறைய 14 மீட்டர் நீளம், 40 டன்னுக்கு மேல் எடை. 130 வருடத்துக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை, அச்சையும் பேரிங்கையும் கடையில் போய் வாங்க முடியாது. ஹை ரோலரின் இரண்டு பேரிங்குகளும் அதற்கென்றே செய்யப்பட்டவை, ஒவ்வொன்றும் 8.8 டன் எடை, 2.3 மீட்டர் விட்டம். இப்படிப்பட்ட ஒன்று பழுதானால் புதிதாகச் செய்து வர மாதக் கணக்காகும், அதுவரை வீல் சும்மா நிற்கும். ஆகவே பேரிங்கை மாற்ற வேண்டி வந்தால் வீலை எதன்மேல் நிறுத்தி, எந்த ஜாக்கியால் தூக்கி, எந்த வழியாக வெளியே எடுப்பீர்கள் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். "எங்கள் பேரிங்கை மாற்றவே வேண்டாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

எப்படித் தூக்கி நிறுத்துவார்கள் என்பதும் டிசைனின் பகுதிதான். லண்டனில் தேம்ஸ் நதியில் தற்காலிக மேடைகள் போட்டு, வீலைப் படுக்கையாகச் சேர்த்து, மணிக்கு சுமார் 2 டிகிரி வீதம் மெல்ல நிமிர்த்தினார்கள். 1999 செப்டம்பரில் முதல் முயற்சியில் கேபிள் ஒன்று இடம் விட்டு விலகியதால் நிறுத்த வேண்டியதாயிற்று, அடுத்த மாதம்தான் வெற்றி. வேறு பல வீல்களில் விளிம்பைத் துண்டு துண்டாக மேலே ஏற்றி, தற்காலிகத் தாங்குகம்புகளோடு சுற்றிச் சுற்றிச் சேர்க்கிறார்கள். எந்த முறையானாலும், பாதி கட்டிய நிலையில் புயல் வந்தால் அந்தப் பாதி வீல் நிற்குமா என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும். முழு வீலுக்கான கணக்கு பாதி வீலுக்கு உதவாது.

தொழிற்சாலைக்குப் போகும்போது

பட்டறைக்குப் போகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள், அங்கே விளிம்புத் துண்டுகள் இரண்டைச் சேர்க்கும் இடத்தில் போய் நில்லுங்கள். நான் ஒருமுறை நின்ற இடத்தில் இரண்டு தடித்த தகடுகள் முகத்தோடு முகம் சேர வேண்டும், ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்தன, மறு ஓரத்தில் என் இடைவெளி அளக்கும் தகடு 2 மில்லிமீட்டர் வரை தாராளமாக உள்ளே போய் வந்தது. மேஸ்திரி "போல்ட் முறுக்கினால் இழுத்துக்கொள்ளும் சார்" என்றார். இழுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் போல்ட்டின் இறுக்கத்தில் பெரும் பங்கு தகட்டை வளைப்பதிலேயே தீர்ந்துவிடும், வீல் சுற்றும்போது வரும் இழுவையைத் தாங்க மிச்சம் இருக்காது, சில மாதத்தில் அதே போல்ட் களைத்து உடையும். அந்த இரண்டு துண்டுகளையும் மறுபடி இயந்திரத்தில் ஏற்றி முகத்தைச் சீவ வைத்தோம், மூன்று வாரம் தாமதம். அந்த மூன்று வாரத்துக்காக யாரும் பிறகு வருத்தப்படவில்லை.

போல்ட்டையும் பாருங்கள். முறுக்கி முடித்த பிறகு நட், வாஷர், தகடு மூன்றின் மேலும் சேர்த்து ஒரே கோடாக மார்க்கர் போட்டிருப்பார்கள். கோடு முறியாமல் நேராக இருந்தால் நட் அசையவில்லை என்று அர்த்தம். இந்தக் கோடு இல்லாத பட்டறையில் யார் எதை முறுக்கினார் என்பதற்குப் பதிவும் இருக்காது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சின் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது, மரையில் மசகு பூசியிருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து அதே எண்ணுக்கு போல்ட்டின் இறுக்கம் வெகுவாக மாறும். அப்புறம், வெல்டிங்குக்குள் குறை இருக்கிறதா என்று ஒலி அலையால் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை செய்பவர் நிறுவனத்தின் ஆளாக மட்டும் இருக்கக் கூடாது, நீங்கள் சம்பளம் கொடுக்கும் வெளி ஆள் ஒருவரும் வேண்டும். ஒப்பந்தத்தில் ஈஎன் 13814 அல்லது ஐஎஸ்ஓ 17842 போன்ற கேளிக்கைச் சாதனங்களுக்கான தரநிலைகளில் எதைப் பின்பற்றுகிறார்கள் என்று பெயர் சொல்லி எழுத வையுங்கள், உங்கள் பகுதியின் உரிமம் வழங்கும் அதிகாரி அதை ஏற்பாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. சாதாரணப் பெட்டி தன் எடையால் தொங்கி நிமிர்ந்து நிற்கும். லண்டன் ஐ வகையில் பெட்டி விளிம்புக்கு வெளியே வளையங்களுக்குள் இருக்கிறது, அதை மோட்டார்தான் நிமிர்ந்த நிலையில் வைத்திருக்கிறது. காட்சி அருமையாக இருக்கும், ஆனால் அந்த மோட்டாரும் பழுதாகக்கூடிய ஒரு பொருள், கரண்ட் போனால் பெட்டி சாயுமா என்று கேளுங்கள். கதவு வெளியிலிருந்து எப்படித் திறக்கும், ஏசி நின்றால் காற்று எங்கிருந்து வரும், உள்ளே இருப்பவர் கட்டுப்பாட்டு அறையோடு பேச வழி உண்டா, தண்ணீர் வைத்திருக்கிறதா, இதெல்லாம் கேட்கக் கூச்சப்பட வேண்டிய சின்ன விஷயங்கள் கிடையாது. சிங்கப்பூரில் மேலே 6 மணி நேரம் இருந்தவர்களுக்கு அவைதான் எல்லாமே.

ஒப்பந்தம் போடும்போது

பாதியில் நின்ற வீல்களும் உண்டு. நியூயார்க்கின் ஸ்டேடன் தீவில் 192 மீட்டரில் திட்டமிட்ட வீலுக்கு அடித்தளம் போட்டு, கால்களும் செய்து முடித்த நிலையில், 2017-இல் திட்ட உரிமையாளருக்கும் கட்டும் ஒப்பந்ததாரருக்கும் தகராறு வந்து வேலை நின்றது, 2018-இல் திட்டமே கைவிடப்பட்டது. பெய்ஜிங்கில் 208 மீட்டர் என்று தொடங்கிய வீலும் முடியவில்லை. கட்டி முடித்தால் மட்டும் போதும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, 250 மீட்டரில் உலகிலேயே உயரமான ஐன் துபாய் 2021 அக்டோபரில் திறந்து 2022 மார்ச்சில் மூடி, 2024 டிசம்பரில்தான் மறுபடி சுற்றத் தொடங்கியது.

ஆகவே வழக்கறிஞரோடு உட்காரும்போது மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை நின்றால் அதுவரை செய்த வரைபடங்களும் கணக்குகளும் யாருக்குச் சொந்தம்? அவை உங்கள் கைக்கு வராவிட்டால், வேறு நிறுவனத்தை அழைத்துவந்து தொடர முடியாது, இரும்பு மட்டும் கிடங்கில் கிடக்கும். தவணைகளை மாதக் கணக்கில் வைக்காமல், "இத்தனை துண்டுகள் சோதனையில் தேறின" என்பது போல முடிந்த வேலையோடு கட்டுங்கள், கடைசித் தவணை சின்னதாக இருக்கக் கூடாது. டிசைன் குறைபாட்டுக்கான பொறுப்பு, சாதாரண உத்தரவாதக் காலத்தைவிட நீண்டதாகத் தனியாக எழுதப்பட வேண்டும், ஏனென்றால் களைப்பு விரிசல் முதல் வருடத்தில் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

திறப்பு விழாத் தேதியை நிறுவனம் தயார் என்று எழுதித் தருவதற்கு முன் யாருக்கும் அறிவிக்காதீர்கள். லண்டன் ஐ-யை 1999 டிசம்பர் 31 அன்று பிரதமரே திறந்துவைத்தார், ஆனால் சோதனையில் ஒரு பெட்டியின் கிளட்சில் கோளாறு தெரிந்ததால் அன்று பயணிகளை ஏற்றவில்லை, மார்ச் 2000 வரை பொதுமக்கள் காத்திருந்தார்கள். விழா நடந்துவிட்டதே என்று அவசரப்பட்டு ஏற்றாமல் இருந்தார்களே, அதை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஒப்படைப்பதற்கு முன் நடக்கும் சோதனையில் எல்லாப் பெட்டியிலும் மணல் மூட்டை ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். அதோடு முடித்துக்கொள்ள விடாதீர்கள், ஒரு பக்கப் பாதியை மட்டும் நிரப்பி மறுபாதியைக் காலியாக வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். வீல் நிற்காமலே ஆட்கள் ஏறி இறங்கும் வகையில், தினமும் காலை திறக்கும்போதும் இரவு மூடும்போதும் நிலைமை அப்படித்தான் இருக்கும், ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் காலி. மோட்டாரும் பிரேக்கும் உண்மையில் திணறுவது அப்போதுதான். அதே நிலையில் மெயின் கரண்டைத் துண்டித்து, மாற்று மோட்டாரால் எல்லாப் பெட்டியும் இறங்குமிடத்துக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கையில் கடிகாரத்தோடு நின்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தில் சொன்ன எண்ணோடு இது பொருந்துகிறதா?

கடைசியாக, நிறுவனத்தின் ஆட்கள் கிளம்புவதற்கு முன் இதையே இன்னொரு முறை செய்யுங்கள், இந்த முறை இரவில், உங்கள் ஆட்களை மட்டும் வைத்து. நிறுவனத்தின் பொறியாளர் ஓரமாக நின்று பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது. கட்டுப்பாட்டு அறையைப் பயன்படுத்த முடியாது என்று வைத்துக்கொண்டு, உச்சிப் பெட்டியில் இருவரை உட்கார வைத்து, அவர்களோடு பேசிக்கொண்டே கீழே கொண்டுவரட்டும். எங்கே தடுமாறினார்களோ அந்தப் பக்கத்தைக் கையேட்டில் திருத்தி எழுத வைத்து, மறுநாள் திரும்பவும் செய்து பார்த்து, சரியாக வந்த பிறகு கடைசித் தவணைக்குக் கையெழுத்துப் போடுங்கள்.